கூடி வாசிக்கும் வேதம்: கொழும்புத் தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே ஒரு பார்வை

பாமன்கடைச் சந்தியில் இருந்து காலி வீதி வரை நடந்து போகும் தூரத்துக்குள் கத்தோலிக்கர், மெதடிஸ்தர், அங்கிலிக்கர், பெந்தெகொஸ்தே சபையார் என்று பலவகைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் குடியிருக்கிறார்கள். எல்லார் வீட்டிலும் ஒரு வேதப்புத்தகம் இருக்கும். சில வீடுகளில் அது நாள்தோறும் திறக்கப்படுகிறது. இன்னும் சில வீடுகளில் திருமண நாளில் கிடைத்த உறையோடு அலுமாரியில் இருக்கிறது. ஆனால் வாசித்ததை இன்னொருவரோடு உட்கார்ந்து பேசுகிறவர்கள் எந்தச் சபையிலும் குறைவு. ஆராதனையில் பிரசங்கம் கேட்கிறோம், வீட்டில் தனியே தியானிக்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது.

இந்தக் கட்டுரை அந்த இடத்தைப் பற்றியது. என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனி வாசிப்பு விசுவாசியை வளர்க்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தனியே வாசிப்பவருக்கு வேதம் அவர் ஏற்கெனவே நம்புவதையே திரும்பத் திரும்பச் சொல்லும். வேறு வாழ்க்கை வாழும் ஒருவர் பக்கத்தில் இருந்து அதே பகுதியை வாசிக்கும்போதுதான் அது நாம் எதிர்பாராததைச் சொல்லத் தொடங்குகிறது.

வேதத்துக்குள்ளேயே இதற்குச் சான்று நிறைய உண்டு. நெகேமியா எட்டாம் அதிகாரத்தில் எஸ்றா விடிகாலை தொடங்கி நண்பகல் வரை நியாயப்பிரமாணத்தை வாசிக்கிறார். ஆண்களும் பெண்களும் விளங்கிக்கொள்ளக்கூடிய எல்லாரும் நின்று கேட்கிறார்கள். லேவியர் கூட்டத்துக்குள் நின்று பொருள் சொல்கிறார்கள். பவுலின் நிருபங்கள் தனி மனிதரின் மேசையில் வைத்து வாசிக்க எழுதப்பட்டவை அல்ல. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தை எல்லாச் சகோதரருக்கும் வாசித்துக் காட்ட வேண்டுமென்று அவர் கண்டிப்பாகக் கேட்கிறார். கொலோசெ சபை தனக்கு வந்ததை லவோதிக்கேயாவுக்குக் கொடுத்து, அங்கே வந்ததை வாங்கி வாசிக்க வேண்டும் என்கிறார். அப்போஸ்தலர் நடபடிகளில் எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் ஏசாயாவைச் சத்தமாக வாசித்துக்கொண்டு போனதால்தான் பிலிப்புவின் காதில் அது விழுந்தது. விளங்குகிறதா என்று பிலிப்பு கேட்க, வழிகாட்ட ஆள் இல்லாமல் எப்படி விளங்கும் என்று அந்தப் பெரிய உத்தியோகத்தர் திருப்பிக் கேட்கிறார். பெரோயா ஊரார் பவுலின் பேச்சைக் கூட அப்படியே விழுங்கவில்லை. நாள்தோறும் வேதவாக்கியங்களைப் புரட்டிச் சரிபார்த்தார்கள், அதற்காகவே பாராட்டப்பட்டார்கள்.

தமிழருக்கும் இது அந்நியமான பழக்கம் அல்ல. யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில்களில் கந்தபுராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டைப் படிப்பார், இன்னொருவர் பயன் சொல்வார். புராண படனம் என்ற அந்த முறையில் எழுத்தறியாதவரும் புராணத்தை அறிந்திருந்தார். கத்தோலிக்கரிடம் இதற்கு இணையான ஒன்று உண்டு. கோவாவில் இருந்து 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் எழுதியவர். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்படும். கையில் பைபிள் இல்லாத காலத்திலும் இயேசுவின் பாடுகள் ஒவ்வொரு கட்டமாக எங்கள் கரையோர மக்களின் காதுக்குள் போனது அப்படித்தான். ஒல்லாந்தர் ஆட்சி 1658இல் கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பதைக் கொலைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1687இல் மாறுவேடத்தில் வந்திறங்கிய யோசேப் வாஸ் அடிகளார் சந்தித்த விசுவாசிகள், குருவும் புத்தகமும் இல்லாமல் ஒரு தலைமுறையைக் கடந்தவர்கள். வீட்டில் சேர்ந்து சொன்ன செபமும் வாய்வழி வந்த வேதக் கதையும் அவர்களைத் தாங்கின.

அதே ஒல்லாந்தர் காலம் எதிர்த் திசையிலும் ஒரு பாடம் தருகிறது. அவர்கள் ஊர்தோறும் பள்ளிக்கூடம் வைத்தார்கள். பிறப்பும் திருமணமும் பாடசாலைத் தோம்பு என்ற பதிவேட்டில் பதியப்பட்டன. ஞானஸ்நானம் இல்லாமல் அரச உத்தியோகம் கிடைப்பது அரிது. பிள்ளைகள் விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் மனப்பாடம் செய்து ஒப்புவித்தார்கள். 1796இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் நீங்கியதும் பட்டியலில் இருந்த பெருந்தொகையினர் சில வருடங்களுக்குள் காணாமற்போனார்கள். வேத வாக்கியம் அவர்கள் வாயில் இருந்தது. அதைப் பற்றிக் கேள்வி கேட்கவோ ஒருவருக்கொருவர் சொல்லவோ யாரும் அவர்களை அழைத்ததில்லை.

ஆனாலும் அந்தக் காலம் விட்டுச் சென்ற ஒரு நல்ல காரியத்தைக் கொட்டாஞ்சேனைக்காரர் மறக்கக்கூடாது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் வொல்பெண்டால் ஆலயம் 1757இல் திறக்கப்பட்டது. இரண்டு வருடங்களில், 1759இல், கொழும்பில் தமிழ்ப் புதிய ஏற்பாடு ஒன்று அச்சாகி வெளிவந்தது. அதை மொழிபெயர்த்தவர் இந்த மண்ணிலேயே பிறந்து ஒல்லாந்த சபையில் போதகரான பிலிப் டி மெல்லோ. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715இல் அச்சிட்ட புதிய ஏற்பாட்டைத் தமிழ்ச் சபைகள் எல்லாம் நினைவில் வைத்திருக்கின்றன. கொழும்பில் தமிழர் ஒருவர் கையால் வந்த புதிய ஏற்பாட்டை எங்கள் ஞாயிறு பாடசாலைகளில் சொல்லிக்கொடுப்பதாகத் தெரியவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டும். தமிழ் வேதாகமத்தின் வரலாற்றை முழுநூலாக எழுதியவரும் எங்களவர்தான்: தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்து முதல் பேராயர் சபாபதி குலேந்திரன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சின் நூற்றாண்டு. 1812இல் தேசாதிபதி பிரௌன்றிக் காலத்தில் கொழும்பில் வேதாகமச் சங்கம் தொடங்கியது. 1814இல் மெதடிஸ்த மிஷனரிமாரும் 1816இல் அமெரிக்க மிஷனரிமாரும் வந்தார்கள். 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கியது. அங்கே எழுத்துப் படித்த பெண்கள் வேதத்தையும் எழுத்தையும் ஒன்றாகவே கொண்டு வீடுகளுக்குப் போனார்கள். வேதாகமப் பெண்கள் என்று அழைக்கப்பட்ட அவர்கள், வாசல் தாண்டாத பெண்களின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து அட்சரம் காட்டி வாசித்தார்கள். மலையகத்தில் 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் உபதேசியார்மார் லயங்களில் அதையே செய்தார்கள். என் பார்வையில் இந்த வரலாற்றின் கனமான பகுதி இதுதான், ஆனால் சபை வரலாறுகளில் இவர்களுக்குக் கிடைப்பது ஓரிரு பந்திகள். மிஷனரிமாரின் பெயர்கள் கல்வெட்டில் இருக்கின்றன. லயத்து விளக்கடியில் வாசித்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் போய்விட்டன.

யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த மிஷனரி பீற்றர் பேர்சிவல் ஐயரின் வேதாகம மொழிபெயர்ப்பு வேலையில் ஆறுமுக நாவலர் துணை செய்தது எல்லாரும் அறிந்த செய்தி. அந்த வேலைக்குள் இருந்து வேதத்தை வரிவரியாகப் படித்த நாவலர், 1847ஆம் ஆண்டின் கடைசி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் சைவப் பிரசங்கங்களைத் தொடங்கினார். வேதத்தை ஆழ்ந்து படித்தவர் எல்லாரும் கிறிஸ்தவர் ஆகவில்லை. அதனால் அந்தப் படிப்பின் மதிப்புக் குறைந்துவிடவும் இல்லை. வெள்ளவத்தையில் எங்கள் மதிலுக்கு அப்பால் இருப்பவர்களில் பெரும்பாலார் சைவர். எங்கள் வாசிப்பு அவர்கள் காதில் விழும்போது அது வம்புக்கு இழுக்கும் குரலாக இருக்கக்கூடாது என்பதையும் இந்த வரலாற்றோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

புரட்டஸ்தாந்தர் வீட்டில் இன்றும் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் தலைமையில் 1871இல் நிறைவானது. கத்தோலிக்கருக்கு வாசல் அகலத் திறந்தது 1965 நவம்பர் 18இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறை வெளிப்பாடு பற்றிய கொள்கை விளக்கத்தை வெளியிட்டபோது. அதன்பின் 1995இல் இரு தரப்பாரும் சேர்ந்து மொழிபெயர்த்த திருவிவிலியம் வந்தது. ஒரே கூட்டத்தில் ஒருவர் பவரை வாசிக்க மற்றவர் திருவிவிலியத்தை வாசித்தால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். இரண்டும் எங்கே விலகுகின்றன, ஏன் விலகுகின்றன என்று கேட்கத் தொடங்கிய இடத்திலேயே படிப்பு தொடங்கிவிடும்.

எப்படிக் கூடி வாசிப்பது என்பதற்கு முறைகள் பல. தென்னாபிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவான ஏழு படி முறை ஆசியாவில் அன்பியங்கள் எனப்படும் கத்தோலிக்க அயலவர் குழுக்கள் பலவற்றில் பரவியிருக்கிறது. ஆண்டவரை அழைத்தல், பகுதியை வாசித்தல், மனதைத் தொட்ட சொல்லைத் திரும்பச் சொல்லுதல், மௌனம், பகிர்தல், செய்யவேண்டியதைப் பேசுதல், செபித்தல் என்று அது போகும். இதன் சிறப்பு, பகிர்தலுக்கு முன் மௌனம் வைத்திருப்பது. குறை, பகுதியின் பின்னணியைச் சொல்ல அதில் இடம் போதாது. புரட்டஸ்தாந்த வேதபாட வகுப்பில் பின்னணி தாராளமாகக் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் ஒருவரே பேசுவார். தனி வாசிப்புக்கு ஸ்கொட்லாந்துப் போதகர் ராபர்ட் மக்செயின் 1842இல் தம் சபைக்குத் தந்த ஒரு வருட அட்டவணை இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. புரட்டஸ்தாந்த வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் வருடம் முடிவதற்குள் முடிந்துவிடும் என்பது எங்கள் பெரியவர்கள் சொல்லும் கணக்கு. முறை எதுவானாலும் நான் கவனிப்பது ஒன்றைத்தான்: கூட்டத்தில் மிகக் குறைவாகப் படித்தவர் வாய் திறக்கிறாரா?

பாமன்கடையில் ஒரு தொடர்மாடி வீட்டு ஜெபக்கூட்டத்தில் மத்தேயு இருபதாம் அதிகாரம் வாசித்தோம். திராட்சத் தோட்டத்து வேலையாட்கள் உவமை. விடியற்காலம் வந்தவருக்கும் பொழுதுசாயும் நேரம் வந்தவருக்கும் ஒரே கூலி. வங்கியில் வேலை செய்யும் தம்பி, இது நியாயமில்லை, ஆனால் கிருபை என்றார். ஓய்வுபெற்ற ரீச்சர் அக்கா, யூதரையும் புறஜாதியாரையும் பற்றிய விளக்கம் சொன்னார். எல்லாம் நாங்கள் முன்பே கேட்டவை. கொட்டாஞ்சேனையில் இருந்து வந்திருந்த ஓர் ஐயா, இளமையில் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை செய்தவர், கடைசி வரிசைக் கதிரையில் இருந்தார். அவரிடம் கேட்டபோது, “வேலை செஞ்சவனுக்கு மேல்தான் வலிக்கும். கூப்பிட ஆளில்லாமல் பின்னேரம் மட்டும் நிக்கிறவனுக்கு வீட்டுக்குப் போக முகம் இருக்காது. அவன் பட்டதுக்கும் சேர்த்துத்தான் அந்த எசமான் குடுத்திருக்கிறார்” என்றார். அறை அமைதியானது. உவமையை மறுபடி பார்த்தோம். எசமான் பொழுதுசாயும் வேளையில் அவர்களிடம் கேட்கும் கேள்வியே ஏன் நாள் முழுதும் சும்மா நிற்கிறீர்கள் என்பதுதான். ஒருவரும் எங்களை வேலைக்கு அமர்த்தவில்லை என்பதுதான் பதில். எத்தனையோ தரம் வாசித்திருந்தும் அந்த நிற்பின் பாரத்தை நாங்கள் யாரும் கண்டதில்லை, ஏனென்றால் எங்களில் யாரும் அப்படி நின்றதில்லை. விளக்கவுரைப் புத்தகங்கள் தரமுடியாத அறிவு அது. அவர் அன்று வீட்டில் தனியே வாசித்திருந்தால் அது அவரோடேயே இருந்திருக்கும், நாங்கள் தனியே வாசித்திருந்தால் எங்களுக்கு அது கிடைத்திருக்காது.

இதற்கு நேர்மாறான பழக்கம் ஒன்று எங்களிடம் வேரூன்றியிருக்கிறது. வருடப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். அட்டையில் ஒரே ஒரு வசனம். காலையில் தொலைபேசியைத் திறந்தால் பூப்படத்தின் மேல் இன்னொரு வசனம். வாட்ஸ்அப்பில் அதை நாற்பது பேருக்கு அனுப்புவதை வசனம் பகிர்தல் என்கிறோம். அனுப்புகிறவரின் அன்பை நான் குறை சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவருக்கு அந்த ஒரு வசனம் ஒரு இரவைக் கடத்தித் தரும். ஆனால் அதோடு நின்றுவிட்டால் இழப்பது பெரிது.

மிக அதிகமாக அட்டையில் வரும் எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்வோம். தேவன் நம்மைக் குறித்து வைத்திருக்கும் நல்ல நினைவுகளைப் பற்றிய வசனம். அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது. எருசலேமில் இருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டு பாபிலோனில் இருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அந்தக் கடிதம் முதலில் சொல்வது, வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்று. பிறகு, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொல்லும் தீர்க்கதரிசிகளை நம்பவேண்டாம் என்கிறது. அதன்பின் எழுபது வருடக் கணக்கு. அதற்குப் பிறகுதான் நாம் அட்டையில் எடுக்கும் வசனம்.

1983 ஜூலையில் எரிந்த வீடுகள் உள்ள ஒழுங்கைகளில், 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வாடகைக்கு அறை எடுத்தவர்களின் நடுவில், இந்தக் கடிதத்தை முழுவதும் வாசித்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இது எங்களுக்கே எழுதப்பட்டது போல இருக்கும். எங்களை எரித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக நாங்கள் ஜெபிக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்பார். எழுபது வருடம் என்றால் என் காலத்தில் இல்லை, அப்படித்தானே என்று ஒரு அம்மா கேட்பார். இந்தக் கேள்விகளைத் தாங்கித்தான் பதினோராம் வசனம் நிற்கிறது. அவற்றை நீக்கிவிட்டு வசனத்தை மட்டும் கொடுப்பது, அதன் பலத்தை எடுத்துவிட்டுக் கொடுப்பதாகும்.

அட்டையில் ஒருநாளும் வராத பகுதிகளும் உண்டு. எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஆறுதல் வார்த்தை ஒன்றும் இல்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் குண்டுகள் வெடித்தன. அடுத்த ஞாயிறு கொழும்பு உயர்மறைமாவட்டத்தில் பொதுத் திருப்பலி நடக்கவில்லை. கர்தினால் தொலைக்காட்சியில் நிறைவேற்றிய திருப்பலியை மக்கள் வீட்டில் இருந்து பார்த்தார்கள். செத்தவீட்டில் எல்லாம் நன்மைக்கே என்று சொல்ல நல்ல மனதுள்ள எவருக்கும் நா எழாது. அந்த நேரத்துக்கு வேதம் தருவது புலம்பல். அதை ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர் தனியே வாசிப்பது கொடுமை. நாலு பேர் சுற்றியிருந்து, விளக்கம் ஒன்றும் சொல்லாமல், அவருக்காக வாசித்தால் போதும். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் இருந்த வரைக்கும் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள்.

கூடி வாசிப்பதில் ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்தவனும் சங்கீதத்தில் இருந்து வசனம் எடுத்தே பேசினான். குரல் பெரிதாக உள்ள ஒருவர் கூட்டத்தைத் தன் கைக்குள் எடுத்துவிடலாம். காணிக்கை கொடுத்தால் கடன் தீரும் என்று வசனம் காட்டும் ஊழியக்காரர், கடனில் தவிக்கும் குடும்பத்தின் கடைசிச் சங்கிலியையும் அடைவு கடைக்கு அனுப்பிவிடலாம். பகிர்தலில் ஒருவர் சொன்ன வீட்டுத் துக்கம் மறுநாள் ஒழுங்கை முழுதும் தெரிந்த கதையாகலாம். இதற்கு மருந்து கூட்டத்தைக் கலைப்பதல்ல. பெரோயா ஊரார் செய்ததுதான் மருந்து: யார் சொன்னாலும் அதிகாரத்தைத் திறந்து முன்னும் பின்னும் வாசிப்பது. அப்படித் திறக்கப் பயப்படுகிற தலைவரிடம் பிள்ளைகளை அனுப்பாமல் இருப்பது பெற்றோரின் கடமை.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவேண்டியது இன்னும் இருக்கிறது. கொழும்பில் ஆங்கில மொழியில் படிக்கும் எங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஆனால் 1871 மொழிபெயர்ப்பின் ஒரு பந்தியை எழுத்துக்கூட்டி முடிக்கமாட்டார்கள். கைபேசியில் ஆங்கில பைபிள் வாசிப்பார்கள். அப்பம்மா தமிழில் வாசிப்பார். ஒரே வீட்டில் இரண்டு தனி வாசிப்புகள். இதைப் பார்த்துச் சலிப்பதை விட, அப்பம்மாவைச் சத்தமாக வாசிக்கச் சொல்வதே வழி. கேட்டால் விளங்கும் தமிழ் அந்தப் பிள்ளைகளிடம் நன்றாகவே இருக்கிறது. அப்பம்மா வாசித்ததை ஆங்கிலப் பதிப்போடு ஒப்பிட்டுச் சொல்லும் வேலையைப் பேரப்பிள்ளைக்குக் கொடுத்தால் ஒருவருக்கு மற்றவர் தேவைப்படுவார். கனடாவிலும் லண்டனிலும் உள்ள பேரப்பிள்ளைகளோடு ஸூமில் குடும்ப ஜெபம் வைக்கும் வீடுகள், 2020இல் ஆலயங்கள் மூடப்பட்ட காலத்தில் இருந்து பெருகியிருக்கின்றன. அங்கும் இதையே செய்யலாம்.

சபை வேறுபாடும் நினைக்குமளவு பெரிய தடை அல்ல. கத்தோலிக்கரின் மூன்றாண்டு வாசக அட்டவணை 1969இல் வந்தது. அதைத் தழுவி 1992இல் வெளியான திருத்திய பொது வாசக அட்டவணையை உலகெங்கும் பல அங்கிலிக்க, மெதடிஸ்த சபைகள் ஏற்றுக்கொண்டுள்ளன. ஒரு வருடம் மத்தேயு, அடுத்த வருடம் மாற்கு, அதற்கடுத்தது லூக்கா, யோவான் திருநாட்களில். இந்த அட்டவணைகளைப் பின்பற்றும் இரண்டு ஆலயங்களில் அநேக ஞாயிறுகளில் ஒரே நற்செய்திப் பகுதிதான் வாசிக்கப்படும். கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயத்தில் காலையில் கேட்டதும், வெள்ளவத்தையில் ஒரு மெதடிஸ்தக் குடும்பம் கேட்டதும் ஒன்றாகவே இருக்கக்கூடும். பின்னேரம் தேத்தண்ணீர் குடிக்கும்போது இரு வீட்டாரும் அதைப் பேசுவதற்கு எந்த ஆயரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

பெந்தெகொஸ்தே சபைகள் பொதுவாக இந்த அட்டவணையைப் பின்பற்றுவதில்லை. அவர்களையும் அழைக்க வேண்டுமென்றால் மாற்கு நற்செய்தியில் தொடங்கலாம். பதினாறே அதிகாரங்கள். நிதானமாகச் சத்தமிட்டு வாசித்தால் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். ஆளுக்கு ஓர் அதிகாரம் என்று பதினாறு பேர் வாசிக்கலாம். எழுத்து வாசிக்க முடியாதவர் முதல் ஆளாகத் தன் எண்ணத்தைச் சொல்லலாம். பெரிய வியாழனுக்கு முந்திய சனிக்கிழமை பின்னேரம் இதற்கு வசதியான நேரம்.